விடியலிலிருந்து ராத்திரி வரை பேசும் ரேடியோ



ரேடியோ என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டுதான். பாட்டுக்கு அதிகம் இடம் கொடுக்காமல், நாள் முழுக்க பேச்சாகவே வரும் ரேடியோவை யார் கேட்பார்கள் என்று தோன்றும். ஆனால் பிரிட்டன் நாட்டில் லட்சக்கணக்கான பேர் அப்படி ஒரு நிலையத்தை தினமும் கேட்கிறார்கள். அதன் பெயர் பிபிசி ரேடியோ 4. நாடு முழுவதும் கேட்கும் இந்த நிலையம் 1967-ல் இந்தப் பெயரில் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. டி.வி. வைத்திருக்கும் வீடுகள் வருஷா வருஷம் கட்டும் லைசென்ஸ் பணத்தில் பிபிசி நடக்கிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டியதை பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த நிலையத்தில் என்னதான் பேசுகிறார்கள்? அதில் நம் குழுக்களுக்கு என்ன இருக்கிறது? பார்ப்போம் வாங்க.

கடலுக்கும் வயலுக்கும் முதல் இடம்

பொழுது விடியும் முன்பே கடல் வானிலை வந்துவிடும். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதியில் காற்று எப்படி, மழை உண்டா, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று வரிசை மாறாமல் வாசிப்பார்கள். மீன் பிடிக்கப் போகிறவருக்கு அது உயிர் காக்கும் செய்தி.

அடுத்து, காலை ஆறு மணிக்கு முன்பே விவசாயச் செய்தி. பால் விலை, பயிர், ஆடு மாடுகளுக்கு வரும் நோய் எல்லாம் இதில் வரும். பால் கறக்க எழுந்தவர்கள் கேட்கத் தோதான நேரம். பிறகு ஒன்பது மணி வரை செய்தியும் பேட்டியும். 1957-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. மந்திரியாக இருந்தாலும் நேரடியாகக் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லித்தான் ஆகணும்.

பத்து மணிக்கு பெண்கள் நேரம்

காலை 10 மணிக்கு 'உமன்ஸ் அவர்', அதாவது பெண்களுக்கான ஒரு மணி நேரம். ரேடியோ 4 என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1946 அக்டோபரில் தொடங்கியது. அப்போது மதியம் 2 மணிக்கு வைத்தார்கள். சாப்பாட்டு வேலை முடிந்து, குழந்தைகள் தூங்கும் நேரம் என்று கணக்குப் போட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், முதலில் நிகழ்ச்சியை நடத்தியவர் ஒரு ஆண்! பெண்களுக்கு ஒரு ஆண் பாடம் நடத்துவது போல இருக்கிறதே என்று கேட்டவர்கள் குறை சொன்னார்கள். சீக்கிரமே அந்த இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். சமையல், தையலோடு நின்றுவிடவும் இல்லை. வெளியில் பேசக் கூச்சப்பட்ட மாதவிலக்கு நிற்கும் பருவத்தைப் பற்றி 1940-களின் கடைசியிலேயே பேசினார்கள். இன்று சம்பளம், பிரசவம், சட்டம், அரசியல் என எதையும் விட்டு வைப்பதில்லை.

தோட்டமும் பணமும்

வாரம் ஒரு முறை தோட்டக்காரர்களின் கேள்வி-பதில் உண்டு. 1947-ல் தொடங்கியது. நிபுணர்கள் ஊர் ஊராகப் போய் மக்கள் முன்னால் உட்காருவார்கள். 'என் செடி ஏன் காய்க்கவில்லை?' என்று யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். 1977-லிருந்து பணத்தைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சேமிப்பு, கடன், வரி, ஏமாற்று வேலை எல்லாவற்றையும் எளிமையாகச் சொல்வார்கள். நாம் குழுக் கூட்டத்தில் பேசும் சங்கதிகள்தான், இல்லீங்களா?

ஒரு கிராமத்துக் கதை

மாலை 7 மணி வாக்கில் கால் மணி நேர நாடகம். பெயர் 'தி ஆர்ச்சர்ஸ்'. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை. போர் முடிந்தும் அங்கே உணவுக்கு ரேஷன் இருந்த காலம் அது. விளைச்சலைக் கூட்டும் வழிகளை விவசாயிகளுக்குச் சொல்லணும். அறிவுரையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் கதையோடு கலந்து கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து அதே நாடகம் இன்னொரு வேலையும் செய்தது. ஹெலன் என்ற பெண்ணை அவள் புருஷன் ராப் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பிடிக்குள் கொண்டு வருகிறான். எங்கே போகணும், யாரோடு பேசணும், என்ன உடுத்தணும் எல்லாம் அவன் முடிவு. வெளியே பார்ப்பவர்களுக்கு அவன் ரொம்ப நல்லவன். இதை ஒரே நாளில் காட்டாமல், இரண்டு வருஷத்துக்கும் மேலாக நிதானமாக நகர்த்தினார்கள். 2016-ல் கதை உச்சத்துக்கு வந்தது. கேட்ட பல பெண்கள், நம் வீட்டில் நடப்பதும் இதுதானே என்று புரிந்துகொண்டார்கள். உதவி கேட்டு வரும் போன்கள் கூடின. நாடகம் கேட்ட ஒருவர் தொடங்கிய நிதிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புக்குப் போனது. இப்படி மனைவியை அடக்கி ஆள்வது குற்றம் என்ற சட்டம் 2015 டிசம்பரில்தான் இங்கிலாந்தில் அமலுக்கு வந்திருந்தது. அந்தச் சட்டம் எதைச் சொல்கிறது என்பதை இந்தக் கதை வீட்டுக்கு வீடு புரிய வைத்தது.

நம் நாட்டிலும் 2005-ம் வருஷத்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி உதை மட்டும் வன்முறை இல்லை. கேவலமாகப் பேசுவது, செலவுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது, பெண்ணின் சம்பாத்தியத்தைப் பிடுங்குவது எல்லாமே அதில் அடங்கும். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் உதவி கேட்கலாம்.

கேட்பதோடு நிற்க வேண்டாம்

தோட்ட நிகழ்ச்சியில் கேள்வி கேட்பது ஜனங்கள். பெண்கள் நிகழ்ச்சி மாறியது, கேட்டவர்கள் குறை சொன்னதால். நாடகத்தால் பலன் கிடைத்தது, கேட்டவர்கள் அடுத்த அடி எடுத்து வைத்ததால். ரேடியோ பேசினால் மட்டும் போதாது, கேட்பவரும் பேசணும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. 1956-ல் பூனா பக்கம் சுமார் 150 கிராமங்களில் ரேடியோ மன்றங்கள் நடந்தன. நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டு, பேசி, முடிவெடுத்தார்கள். 1960-களில் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டு, தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிர் செய்தார்கள். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது!

ஒவ்வொரு குழுவும் இப்படிச் செய்து பார்க்கலாமே:

* பக்கத்து வானொலி நிலையத்தில் விவசாயம், உடல்நலம், பெண்கள் பற்றிய நிகழ்ச்சி எந்த நேரம் வருகிறது என்று விசாரித்து, கூட்டத்தில் சொல்லுங்கள்.
* வாரம் ஒரு நிகழ்ச்சியைச் சேர்ந்து கேளுங்கள். போனில் கேட்டாலும் சரி.
* கேட்டபின் பத்து நிமிஷம் பேசுங்கள். புரியாததைத் தீர்மான நோட்டில் ஒரு கேள்வியாக எழுதுங்கள்.
* அந்தக் கேள்வியை நிலையத்துக்கு அனுப்புங்கள். எங்கள் ஊர்ப் பெண்களையும் பேசக் கூப்பிடுங்கள் என்று சேர்த்து எழுதுங்கள்.

கறவை மாட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கும், சாராயக் கடையை எதிர்த்து நின்றவருக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது. மைக் முன்னால் பேச படிப்பு வேண்டாம், அனுபவம் போதும். அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுங்கள், சகோதரிகளே.