சுவர் தாங்குமா?

ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லோசான் நகரில், ஈ.பி.எஃப்.எல். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இயங்குகிறது சுவிஸ் பிளாஸ்மா மையம். 1992 முதல் அங்கே ஓடும் டி.சி.வி. என்ற டோகமாக் இயந்திரம், ஹைட்ரஜன் வகை வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்றிப் பிளாஸ்மாவாக்குகிறது. ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான்.

அந்தச் சூட்டைக் காந்தப்புலம் கட்டிவைக்கும். ஆனால், முழுதாகக் கட்டிவைக்காது. ஓரத்தில் கசிவது சுவரில் மோதும். அணுக்கரு இணைவில் மின்சாரம் எடுக்கும் கனவுக்கு உண்மையான சோதனை இந்தச் சுவர்தான்.

டி.சி.வி.யின் உட்சுவரில் கிராஃபைட் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கிராஃபைட் உருகாது, ஆனால் அரிக்கப்படும், எரிபொருளான ஹைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பல நாடுகள் சேர்ந்து பிரான்ஸில் எழுப்பும் ஐடெர் இணைவு உலை, டங்ஸ்டன் உலோகத்தை நாடியது. அது உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதிலும் ஒரு தொல்லை: துளி டங்ஸ்டன் பிளாஸ்மாவுக்குள் புகுந்தாலும், வெப்பத்தைக் கதிராக வெளியேற்றி அதைக் குளிர்வித்துவிடும்.

லோசான்காரர்களின் பலம், பிளாஸ்மாவின் வடிவத்தை மாற்றுவது. வெப்பத்தைப் பல கிளைகளாகப் பிரிக்கும் 'பனிச்செதில்' வடிவத்தை இங்கேதான் முதலில் செய்துகாட்டினார்கள். 2022இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டுடன் சேர்ந்து, அந்த வடிவத்தைத் தீர்மானிக்கும் 19 காந்தச் சுருள்களை ஆளும் பொறுப்பை அந்த நுண்ணறிவிடமே கொடுத்துப் பார்த்தார்கள்.

சுவிட்சர்லாந்திலேயே உள்ள பாசல் பல்கலைக்கழகத்தின் கவலையோ கண்ணாடி. உலைக்குள் நடப்பதைப் படம்பிடிக்க உதவும் ஆடிகளில், அரிக்கப்பட்ட சுவர்த்துகள் படிந்து பார்வையை மறைக்கும். அந்த அழுக்கைப் பிளாஸ்மாவைக் கொண்டே துடைக்கும் முறையை அங்கே ஆராய்கிறார்கள்.

ஐடெரில் இந்தியாவும் பங்காளி. உலையைச் சூழும் ராட்சத உறையான கிரையோஸ்டாட்டின் பாகங்கள், குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி ஆலையிலிருந்து போனவை.