நிழற்படத் திருத்தமும் மென்பொருள் தெரிதலும்

நிழற்படக் கலை என்பது ஒளியை வாங்கிப் பதிவுசெய்தலோடு முற்றுப்பெறுவதன்று. பதிந்த ஒளியைப் பண்படுத்திக் காண்போர் கண்முன் வைத்தலும் அதன் ஒரு கூறேயாம். படச்சுருள் வழங்கிய காலத்தில் இப்பணி இருட்டறையிலே நிகழ்ந்தது. படத்தின் ஒரு பகுதிக்கு மிகுதியாக ஒளி காட்டியும், மற்றொரு பகுதியைக் கையால் மறைத்தும், தாளின் தன்மையை மாற்றியும் கலைஞர் தாம் கருதிய தோற்றத்தை வருவித்தனர். நம் நாட்டின் லயனல் வென்ற் (1900–1944) சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். படமெடுத்தலை விருப்பத்தாலே மேற்கொண்டவர். அவர் துலங்கும் படத்துக்கு இடையிலே மீண்டும் ஒளி காட்டி உருவின் விளிம்புகளைக் கோடுபோல் எழச்செய்தலையும், பல படங்களை ஒன்றாக இணைத்தலையும் கையாண்டார். எனவே திருத்தம் என்பது கணினியோடு பிறந்த புதுமையன்று, கலையோடு உடன்பிறந்ததேயாம்.

இற்றை நாளில் இருட்டறையின் இடத்தைக் கணினியும் அதனுள் இயங்கும் மென்பொருளும் பெற்றுள்ளன. தொழிலாகக் கொள்ளாது விருப்பத்தினாற் படமெடுப்போர் முதற்கண் வினவுவது, 'எம் மென்பொருள் சிறந்தது?' என்பதே. கத்திகளுள் எது சிறந்தது என ஒருவர் வினவின், எதனை அறுப்பதற்கு என்னும் எதிர்வினா எழுமன்றோ? ஈண்டும் அவ்வாறே. மென்பொருளைத் தெரிவோர் மூன்றினை ஆராய்தல் வேண்டும். ஒன்று, தம் கமரா தரும் கோப்பின் இயல்பு. இரண்டு, தாம் செய்யக் கருதிய பணி. மூன்று, தம் உழைப்பின் பயன் இறுதியில் எவர் கையிலே தங்கும் என்பது. மூன்றாவதே பெரும்பாலும் மறக்கப்படுவது. ஆயின் அதுவே தலையாயது.

கோப்பின் இயல்பு

கமராவினுள் உள்ள ஒளியுணரி நிறத்தைத் தானாக அறியாது; ஒளியின் அளவை மாத்திரமே அறியும். ஆதலின் அதன் ஒவ்வொரு நுண்புள்ளியின் மேலும் செம்மை, பச்சை, நீலம் என்பவற்றுள் ஒன்றனை மாத்திரம் உட்புகவிடும் வடி வைக்கப்பட்டுள்ளது. கொடாக் நிறுவனத்தைச் சார்ந்த பிரைஸ் பேயர் 1976 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, நுண்புள்ளிகளிற் பாதி பச்சைக்கும், கால்வாசி செம்மைக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியன. உணரி கண்ட அளவுகளை ஏறக்குறைய அவ்வாறே சேமித்தால் அது 'ரோ' எனப்படும் மூலக் கோப்பாகும். கமராவே நிறங்களைக் கணித்து நிரப்பி, ஒளியைச் சமன்செய்து, அளவிற் சுருக்கித் தந்தால் அது 'ஜேபெக்' கோப்பாகும். முன்னது அரிசி, பின்னது சோறு. சோற்றைக் கிளறலாம், தாளிக்கலாம். மீண்டும் அரிசியாக்கல் இயலாது.

இவ்வேறுபாட்டை எண்ணாலும் அறியலாம். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. 12 பிற்று அளவுடைய மூலக் கோப்பில் 4,096 படிநிலைகளும், 14 பிற்றில் 16,384 படிநிலைகளும் உள்ளன. நண்பகலிலே தேரிழுக்கும் அடியவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். வெண்ணிற வேட்டி கண்ணைக் கூசச்செய்யும். தேரின் நிழலில் நிற்போர் முகம் இருண்டிருக்கும். ஜேபெக் கோப்பில் அம்முகத்தை ஒளிபெறச் செய்ய முயன்றால், படிநிலைகள் போதாமையாற் தோலின் நிறம் திட்டுத்திட்டாகப் பிரியும். மூலக் கோப்பிலோ அம்முகம் பெரும்பாலும் இயல்பாகவே வெளிப்படும். எனினும் உணரியின் எல்லையைக் கடந்து முற்றும் வெளுத்துப்போன வேட்டியின் மடிப்புக்களை எம் மென்பொருளாலும் மீட்டல் அரிது.

கைப்பேசியிலே ஜேபெக் படமெடுத்து உறவினர்க்கு அனுப்புவோர்க்குப் பெருங் கருவி வேண்டியதில்லை. ஸ்னாப்சீட் போன்றதொரு சிறு கருவி போதும். மூலக் கோப்பாக எடுப்போர்க்கோ அதனைத் துலக்கும் மென்பொருள் இன்றியமையாதது.

பணியின் வகை

திருத்த மென்பொருள்கள் யாவும் ஒரு தொழிலன அல்ல. அவற்றின் பணியை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, ஒழுங்குபடுத்தல். ஆயிரக்கணக்கான படங்களை நாள், இடம், பொருள் என்பவற்றால் வகுத்து, வேண்டியபோது எடுத்துத் தருவது இது. டிஜிகாம் இதற்குரிய கட்டற்ற மென்பொருள்.

இரண்டாவது, துலக்கல். மூலக் கோப்பின் ஒளி, நிறம், கூர்மை ஆகியவற்றை முழுப்படத்திலும் சமன்செய்வது இது. ரோதெரப்பி, டார்க்டேபிள் என்பன இவ்வகைய கட்டற்ற மென்பொருள்கள். 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அடோபி நிறுவனத்தின் லைட்ரூம், ஒழுங்குபடுத்தல், துலக்கல் இரண்டினையும் ஒருங்கே செய்வது.

மூன்றாவது, நுண்புள்ளித் திருத்தம். படத்தின்மேல் அடுக்கடுக்காக வேறு உருக்களை வைத்தல், கிழிந்த பழம் படத்தின் கீறலை நிரப்பல், வேண்டாத மின்கம்பியை அகற்றல் என்பன இதன்பாற்படும். தோமஸ் நோல், யோன் நோல் என்னும் சகோதரர் உருவாக்கி 1990 ஆம் ஆண்டில் அடோபி வெளியிட்ட போட்டோஷொப் இதற்குப் பேர்பெற்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்து மாணவர் இருவர் 1995 ஆம் ஆண்டிற் தொடங்கிய கிம்ப் இவ்வகையைச் சார்ந்த கட்டற்ற மென்பொருள்.

பழைய குடும்பப் படங்களைச் செப்பனிட விரும்புவோர் துலக்கும் மென்பொருளை வாங்கி அல்லலுறுவதும், திருவிழாப் படங்கள் முந்நூற்றைத் துலக்கவேண்டியவர் போட்டோஷொப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து சலிப்புறுவதும் இப்பாகுபாட்டை அறியாமையின் விளைவேயாம்.

கட்டளைக் குறிப்பும் அதன் தீங்கும்

துலக்கும் மென்பொருள்கள் மூலப் படத்தை மாற்றுவதில்லை. 'ஒளியை இவ்வளவு கூட்டுக; இவ்விடத்தில் வெட்டுக' என்னும் கட்டளைகளை மாத்திரம் தனிக் குறிப்பாக எழுதிவைக்கின்றன. படத்தைத் திறக்கும்போதெல்லாம் அக்கட்டளைகள் மூலத்தின்மேல் மீண்டும் நிகழ்த்தப்படுகின்றன. இதனால் மூலம் சிதைவுறாது. பத்தாண்டு கழிந்து கருத்து மாறினும் மீளத் துலக்கலாம். இது பெரும் நன்மையே.

ஆயின் இந்நன்மையுள் ஒரு தீங்கும் அடங்கியுள்ளது. ஒரு மென்பொருள் எழுதிய கட்டளைகளை மற்றொன்று முழுமையாக நிறைவேற்றமாட்டாது. படத்தின் தலைப்பு, நாள், குறிச்சொல் முதலியன பொதுமுறைப்படி எழுதப்படின் வேறு கருவிகளும் அவற்றை வாசிக்கும். ஒளி, நிறத் திருத்தங்களோ எழுதிய கருவிக்கே உரியன. அக்கருவி மறைந்தால், பல்லாண்டு உழைப்பு வாசிப்பாரற்ற ஏடாகிவிடும்.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. அப்பிள் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட அப்பெர்ச்சர் என்னும் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2014 இல் அறிவித்தது; 2015 இல் விற்பனையும் நின்றது; 2019 இல் வந்த அந்நிறுவன இயங்குதளத்தில் அது இயங்கவேயில்லை. கூகிளின் பிக்காசா எண்ணற்ற இல்லங்களிலே பயன்பட்டது. 2016 இற் கைவிடப்பட்டது. நிக் கலெக்சன் என்பதனைக் கூகிள் 2016 இல் இலவசமாக்கியது. மறுவருடம் அதனை வாங்கிய மற்றொரு நிறுவனம் பின்னர் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கப்பட்டுவந்த அஃபினிட்டி, 2024 இல் கன்வா நிறுவனத்தின் கைக்கு மாறி, 2025 இற் கட்டணமற்றதாயிற்று. விலை குறைந்ததாயினும் கூடியதாயினும் உண்மை ஒன்றே: முடிவு பயன்படுத்துவோர் கையில் இல்லை.

வாடகையும் உடைமையும்

அடோபி நிறுவனம் 2013 ஆம் ஆண்டு தொடக்கம் போட்டோஷொப்பின் புதிய பதிப்புக்களைத் தவணைக் கட்டணத்துக்கே வழங்குகின்றது. லைட்ரூமும் 2015 இல் வந்த ஆறாம் பதிப்போடு விலைக்கு விற்கும் முறையை விட்டது. கட்டணம் நின்றால் லைட்ரூம் கிளாசிக்கிலே படங்களைப் பார்வையிடலாம், வெளியேற்றலாம். துலக்கும் பகுதியோ அடைபட்டுவிடும்.

வாடகை முறை யாவர்க்கும் தீதென்பது எம் கருத்தன்று. படத்தொழிலால் வருவாய் பெறுவோர்க்கு அது செலவினங்களுள் ஒன்று. மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் படமெடுப்போர் நிலை வேறு. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் அறிவோம். டொலரிற் செலுத்தும் கட்டணம் ஒரு சதமேனும் கூடாதிருந்தும், ரூபாவிற் கணக்கிடுவோர்க்கு அது பெருஞ்சுமையாயிற்று.

இத்தகைய இடர்ப்பாட்டினாற் சிலர் பூட்டுடைத்த கள்ளப் படிகளை நாடுகின்றனர். அறநெறி ஒருபுறமிருக்க, அவற்றோடு தீநிரல்கள் கலந்து வருதலும் உண்டு. நூறு படத்தைத் திருத்தப்போய்ப் பத்தாயிரம் படத்தை இழப்பது மதியன்று. நேரிய வழியிலே கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகள் இருக்கையில் இதற்குத் தேவையுமில்லை.

கட்டற்ற மென்பொருள்களிற் குறையில்லை எனல் மிகையாகும். டார்க்டேபிளின் பகுதிகள் மிகப் பல. கற்கத் தொடங்குவோர் மருள்வர். கிம்ப்பில், மூலத்தைச் சிதையாது வடிகளை இடும் வசதி 2025 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே வந்துசேர்ந்தது. எனினும் இவற்றின் நிரல் யாவரும் காணத் திறந்திருத்தலின், ஆக்கியோர் விலகினும் பிறர் தொடரலாம்; பழைய பதிப்பை எவரும் பூட்டவியலாது. பொழுது செலவாகும், பொருள் செலவாகாது, உடைமை நிலைக்கும்.

வாய்மை

நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி இதழின் அட்டைக்காக எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைக் கணினியால் நெருங்கச்செய்து கண்டனத்துக்குள்ளானது. அன்று பெரு நிறுவனங்களுக்கே வாய்த்த அவ்வாற்றல் இன்று யாவர் கையிலும் உளது. 2023 ஆம் ஆண்டு தொடக்கம் போட்டோஷொப்பிலே, வேண்டுவதைச் சொல்லால் எழுதின் இல்லாத பொருளையும் செயற்கை நுண்ணறிவு வரைந்து தருகின்றது.

ஒளியைச் சமன்செய்தல் கண்டதைத் தெளிவாக்கல். இல்லாததை வரைதல் காணாததைக் கண்டதாகக் கூறல். கற்பனைப் படமெனச் சொல்லிச் செய்யின் அது கலை. ஆவணமெனச் சொல்லிச் செய்யின் அது பொய். போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பப் படங்களை இழந்த வீடுகள் நம்மிடையே பல. அங்கே எஞ்சிய ஒற்றைப் படத்தின் கீறலை நீக்குவோர், அழிந்துபோன முகத்தின் பாதியைப் பொறியின் ஊகத்தால் நிரப்பின், பேரப்பிள்ளைகள் தம் பாட்டனாரல்லாத ஒருவரையே பாட்டனாரென நினைந்து வணங்குவர். கறையைத் துடைக்கலாம், முகத்தைப் புனைதல் தகாது.

தெரியும் முறை

மேற்கூறியவற்றால் துணியத்தக்கன சில. முதலிற் தம் படங்களுள் வெவ்வேறு தன்மையன இருபதைத் தெரிந்து, அவற்றையே இரண்டு மூன்று மென்பொருள்களிலே துலக்கிப் பார்த்தல் நன்று. விளம்பரங் காட்டும் படங்களன்று, தம் படங்களே உரைகல்லாம். தம் கமராவின் மூலக் கோப்பை அம்மென்பொருள் வாசிக்கின்றதா, தம் கணினியில் அது தடங்கலின்றி இயங்குகின்றதா என்பனவும் அப்போதே புலப்படும். தெரிந்த பின் ஓராண்டேனும் அதனிலே நின்று பயிலல் வேண்டும். நாளுக்கொரு கருவியை மாற்றுவோர் எதனிலும் தேர்ச்சியடையார்.

எக்கருவியைக் கொள்ளினும், மூலக் கோப்பை அழிக்காது இருவேறு இடங்களிலே படிகளாக வைத்தலும், துலக்கி முடித்த சிறந்த படங்களை எங்கும் திறக்கத்தக்க ரிஃப் அல்லது ஜேபெக் வடிவிலே வெளியேற்றிச் சேமித்தலும், யார், எங்கே, எப்போது என்பவற்றைப் படக் கோப்பினுள்ளேயே எழுதிவைத்தலும் கட்டாயமானவை. மென்பொருள்கள் வரும், போகும். நாளைய தலைமுறையினர் வேண்டுவது நாம் பயன்படுத்திய கருவியின் பெயரையன்று. திறந்து பார்க்கத்தக்க படத்தையும், அதிலுள்ளவர் இன்னாரென்பதையுமேயாம்.