வியாழனின் தழும்பும் முந்தாநாள் படமும்

2009 யூலை 19 இரவு, நள்ளிரவு கடந்த நேரம். அவுஸ்திரேலியாவில் அந்தனி வெஸ்லி என்பவர் தன் 14.5 அங்குலத் தொலைக்காட்டியில், வியாழனின் தென்துருவப் பக்கமாக ஒரு கரும்புள்ளி சுழன்று வருவதைக் கண்டார். ஏதாவதொரு சந்திரனின் நிழலாயிருக்கும் என்ற ஐயத்தைத் தீர்த்தது அவரே இரண்டு இரவுகளுக்கு முன் எடுத்திருந்த படம். அதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கண்டுபிடிப்பில் பாதி அந்தச் சாதாரணப் படத்துக்கே சேரும் என்பேன். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைக்காட்டிக்கு அதே புள்ளி வெள்ளையாய்த் தெரிந்தது. வியாழனின் வளியிலுள்ள மெதேன் சூரிய ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிடுகிறது. அந்த ஒளியில் கிரகம் இருண்டு கிடக்க, வெகு உயரத்தில் மிதக்கும் தூசி மட்டும் பளிச்சிடும். ஆகவே அது ஏதோவொன்று வியாழனில் மோதி எறிந்த தூசிதான் என்று தெளிவாயிற்று.

ஹபிள் விண்வெளித் தொலைக்காட்டி இருக்கும்போது வீட்டு முற்றத்துத் தொலைக்காட்டி எதற்கு என்று கேட்கலாம். ஹபிள் வியாழனையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 2009இல் வெஸ்லியின் செய்திக்குப் பிறகே அது அந்தப் பக்கம் திரும்பியது. 1994இல் சூமேக்கர்-லெவி 9 வால்வெள்ளி வியாழனில் விழப்போவது ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்ததால் உலகமே காத்திருந்தது. அப்படி முன்னறிவித்து வருபவை அபூர்வம். 2010 யூன் 3ஆம் திகதி வியாழனில் சில வினாடி மட்டும் மின்னிய ஒளியை வெஸ்லியும், பிலிப்பைன்ஸிலிருந்து கிறிஸ்டோபர் கோவும் தனித்தனியே பதிவுசெய்தார்கள். இரு நாடுகளிலும் ஒரே இடத்தில் தெரிந்ததால் அது நம் வானத்து எரிகல் அல்ல என்பது உறுதியானது. பின்னர் ஹபிள் தேடியும் தழும்பு இல்லை; விழுந்தது சிறியது.

இலங்கை மலைநாட்டிலுள்ள எங்கள் நாவலப்பிட்டிக்கு வியாழனைப் பார்ப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. 7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் உச்சத்துக்கு வரும் வியாழன் எந்த ஆண்டும் கிட்டத்தட்ட 60 பாகைக்குக் கீழே இறங்காது. குறுக்கே நிற்கும் காற்று குறைவு, படம் அவ்வளவாக நடுங்காது. வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அவுஸ்திரேலியாவில் விடிந்தபின் திரும்பி வரும் முகத்தைப் பார்க்க மேற்கே வேறு கண்கள் வேண்டும். மழையைச் சொல்லி மறுப்பவர்களுக்கு நியாயம் இல்லாமலில்லை: 1994, 2009 இரண்டுமே யூலை மோதல்கள், தென்மேல் பருவமழை இந்த மலைகளை மூடும் மாதம். ஆனால் வியாழனின் பருவம் ஆண்டுக்கு ஒரு மாதமளவு நகர்கிறது. 2027 பெப்ரவரியில் அது சூரியனுக்கு நேரெதிரே வந்து இரவு முழுக்கத் தெரியும். இங்கே மழை குறைந்திருக்கும் காலம் அது.