வெயில்ல பறவை பார்க்கப் போறீங்களா? தொப்பியோட பின்பக்கத்தைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல கோடைல பறவை பார்க்கப் போறதைப் பத்திப் பேசினப்போ, "தொப்பி போட்டுக்கோங்க"ன்னு ஒரே வரில சொல்லிட்டுக் கடந்து போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி இதே கேள்விதான். எந்தத் தொப்பி? கிரிக்கெட் கேப் போதுமா? ஆன்லைன்ல 2000 ரூபாய்க்கு விக்கிறது உண்மையிலேயே ஏதாவது செய்யுமா?

ஒரு தொப்பிக்கு ஒரு முழு எபிசோடான்னு நீங்க கேட்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நாங்க அஞ்சு பேர். காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சு, இட்லி சாப்பிடப் போறதா பிளான். ஆனா நீளவால் இலைக்கோழி ஒண்ணு இலை மேல நடந்து நடந்து எங்களுக்குப் பக்கமா வந்துட்டே இருந்துச்சு. யாருக்கும் கிளம்ப மனசு வரல. மணி பத்தரை ஆயிடுச்சு. கூட வந்த நண்பன் ஒருத்தன் கறுப்புல தடிமனான பக்கெட் ஹேட் போட்டிருந்தான், உள்ள தண்ணி புகாத லைனிங் வேற. முதல்ல தலை வலிக்குதுன்னான். அப்புறம் "மச்சான், பைக் சாவி எங்க?"ன்னு கேட்டா, "அப்பா வந்துடுவாரு"ன்னு பதில் சொல்றான். நாங்க சிரிச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவன் காமெடி பண்ணலைன்னு உறைச்சுது.

நிறுத்தியிருந்த ஒரு வேன் நிழல்ல உட்கார வச்சு, தொப்பியையும் ஷூவையும் கழட்டி, இருந்த தண்ணியை எல்லாம் தலையிலயும் உடம்புலயும் ஊத்தி, நோட்டுப் புத்தகத்தால விசிறினோம். இன்னொருத்தன் 108க்கு போன் பண்ணான். சாயங்காலத்துக்குள்ள தேறிட்டான். ஆஸ்பத்திரில டாக்டர் கேட்ட முதல் கேள்வி "தொப்பி போட்டிருந்தாரா?" இல்ல. "எவ்வளவு நேரம் வெயில்ல நின்னீங்க?"ங்கறதுதான்.

அந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடல. நாங்க எல்லாரும் தொப்பி போட்டிருந்தோம், அதனால எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம்னு நினைச்சிருந்தோம். இதுல ரெண்டு வேற வேற பிரச்சனையைப் போட்டுக் குழப்பிக்கிட்டோம்னு அப்புறம் புரிஞ்சது. ஒண்ணு, புற ஊதாக் கதிர், அதாவது யூ.வி. இன்னொண்ணு, சூடு. முதலாவதைத் தடுக்கத் தொப்பி நல்ல கருவி. ரெண்டாவதுக்குக் கால்வாசி உதவும். தப்பான தொப்பின்னா அதையும் கெடுக்கும்.

முதல்ல யூ.வி. கதை. இதுக்குப் பத்தாம் வகுப்பு ட்ரிகனாமெட்ரி போதும், பயப்படாதீங்க. தொப்பி விளிம்போட அகலத்தை, சூரியனோட உயரக் கோணத்துக்கான டேன் மதிப்பால பெருக்கினா, சூரியனைப் பார்த்து நிக்கறப்போ முகத்துல நிழல் எவ்வளவு கீழ இறங்கும்னு கிடைச்சிடும். சென்னைல மே மாசம் காலை 8 மணிக்குச் சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்துல இருக்கும். 9 மணிக்கு 45. 10 மணிக்கு 60. இப்போ 7.5 சென்டிமீட்டர் விளிம்பு வச்ச தொப்பியை எடுத்துப்போம். எட்டு மணிக்கு நிழல் 4 சென்டிமீட்டர் சொச்சம்தான் இறங்கும். புருவத்துல ஆரம்பிச்சா கண்ணைத் தாண்டினதும் முடிஞ்சிடும். ஒன்பது மணிக்கு மூக்கு வரைக்கும். பத்து மணிக்கு 13 சென்டிமீட்டர், தாடை வரைக்கும் நிழல் வந்துடும். இந்த 7.5ங்கறது நானா பிடிச்ச நம்பர் இல்ல. ஆஸ்திரேலியாவோட கேன்சர் கவுன்சில் பெரியவங்களுக்குச் சொல்ற குறைந்தபட்ச அகலம் இது. தோல் புற்றுநோயால ரொம்பப் பாதிக்கப்பட்ட நாடு அது. 1981லேயே "சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை"ங்கற மாதிரி பிரச்சாரம் ஆரம்பிச்சவங்க. அவங்க பேஸ்பால் கேப்பை வெயில் தொப்பியாவே கணக்குல எடுத்துக்கறதில்ல. காதுக்கும் கழுத்துக்கும் அதுல ஒண்ணுமே கிடையாது.

அதே 7.5 சென்டிமீட்டர் கொஞ்சம் கீழ் நோக்கிச் சரிஞ்சிருந்தா, சாய்வான காலை வெயில்ல இன்னும் நல்லா வேலை செய்யும். தட்டு மாதிரி நேரா நிக்கற விளிம்பைவிட, தொங்கற விளிம்பு நம்ம நேரத்துக்குப் பொருத்தம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்தக் கணக்கெல்லாம் நீங்க சூரியனைப் பார்த்து நின்னாத்தான். பறவை பார்க்கறவங்க அப்படி நிப்போமா? மாட்டோம். பறவை மேல வெளிச்சம் விழணும், இறகோட நிறம் தெரியணும்னு சூரியனை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டுத்தான் நிப்போம். போட்டோ எடுக்கறவங்களும் அதேதான். அப்போ மணிக்கணக்கா வெயில் விழறது பின்கழுத்துலயும் காது மடலோட பின்பக்கத்துலயும். கேப்போட முன்விளிம்பு அந்நேரம் நிழல்ல இருக்கற முகத்துக்குக் குடை பிடிச்சிட்டிருக்கும். நான் மூணு வருஷம் அப்படித்தான் சுத்தினேன். என் பின்கழுத்துல சட்டைக் காலருக்கு மேல ஒரு கோடு இருக்கு, எந்த சோப்பாலயும் போகாது.

அதனால, கடைல தொப்பியை எடுத்ததும் கண்ணாடில முன்பக்கம் பார்க்காதீங்க. பின்பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. சுத்தி முழு விளிம்பு இருக்கணும், இல்லைன்னா பின்னாடி கழுத்துத் துணி தொங்கற மாடலா இருக்கணும். அதுவும் இல்லையா, தலையில ஒரு பருத்தித் துண்டைப் போட்டு அது மேல தொப்பியை வைங்க. நம்ம ஊர்ல வயல் வேலைக்குப் போற அம்மாக்கள் புடவைக்கு மேல முழுக்கைச் சட்டை, தலையில துண்டுன்னு போறதைப் பார்த்திருப்பீங்க. காது, கழுத்து, கை எல்லாம் அதுல மூடியிருக்கு. 2000 ரூபாய் தொப்பில பாதிக்கு மேல இந்த வசதி கிடையாது.

இதுல ஒரு சிக்கல். பின்விளிம்பு விறைப்பா இருந்தா, பருந்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினதும் அது காலர்லயோ பையிலயோ முட்டித் தொப்பி கண்ணுக்கு மேல வந்து விழும். முன்விளிம்பு விறைப்பா இருந்தா கேமராவோட வியூஃபைண்டர்ல இடிக்கும். அதனால மடங்கற துணி விளிம்புதான் நமக்கு. தாடைக் கயிறு கட்டாயம். பழவேற்காடு மாதிரி ஏரிக்காத்து அடிக்கற இடத்துல கயிறு இல்லாத தொப்பி கொஞ்ச நேரத்துல பூநாரைகிட்ட போய்ச் சேர்ந்திடும்.

துணிக்கு ஒரு சுலபமான சோதனை: ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிங்க. வெளிச்சம் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா யூ.வி.யும் வரும். பெரிய ஓட்டை விட்டுப் பின்னின வைக்கோல் தொப்பி போட்டோல அழகா இருக்கும், நிழல் சல்லடை மாதிரி விழும். யூ.பி.எஃப். 50ன்னு லேபிள் இருந்தா, ஐம்பதுல ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் யூ.வி.தான் துணியைத் தாண்டும்னு அர்த்தம். நல்லதுதான். ஆனா அது துணிக்கு மட்டும் சொல்ற கணக்கு, அகலம் இல்லாத தொப்பிக்கு அந்த லேபிளால பிரயோஜனம் இல்ல. நிறம்? மேல வெளிர் நிறம், விளிம்புக்கு அடியில கரு நிறம். அடிப்பக்கம் வெள்ளையா இருந்தா தண்ணில பட்டு எழும்பி வர வெளிச்சத்தை அப்படியே கண்ணுக்குத் தள்ளும். இதுல இன்னொண்ணு: கீழ இருந்து வரதை எந்தத் தொப்பியும் தடுக்காது. காஞ்ச கடற்கரை மணல் தன் மேல விழற யூ.வி.ல சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மூக்குக்கும் தாடைக்கும் சன்ஸ்கிரீன் வேணும்.

இனி சூடு. உடம்பு தன்னைக் குளிர்விக்க முக்கியமா நம்பறது வியர்வை ஆவியாகறதை. வழியறதால குளிராது, ஆவியானாத்தான் குளிரும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்ல காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாக மாட்டேங்குது. அதுல தலையையும் காத்துப் புகாத லைனிங்கால மூடினா, வியர்வைக்கு வெளிய போக வழி இல்ல. என் நண்பன் விழுந்ததுக்குத் தொப்பிதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். நாலரை மணி நேரம் நின்னது, தண்ணி குறைவாக் குடிச்சது, எல்லாம் சேர்ந்தது. ஆனா அந்தத் தொப்பி அவன் பக்கம் இல்ல.

தலையில ஒட்டாம, மேல கொஞ்சம் காத்து இடைவெளி விடற தொப்பி நல்லது. பழைய படத்துல வெள்ளைக்காரத் துரை போட்டிருப்பாரே, அந்த சோலா டோப்பி, அது இந்த விஷயத்துல நல்ல டிசைன். அது எதால செஞ்சது தெரியுமா? நம்ம நெட்டி. தண்ணில வளர்ற செடியோட, பஞ்சு மாதிரி லேசான தண்டு. தஞ்சாவூர்ல கோவில் மாதிரிலாம் செஞ்சு விக்கறாங்களே, புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கே, அதே நெட்டிதான். பெயர்ல இருக்கற "சோலா"வும் அந்தச் செடியோட பேர், சூரியனைக் குறிக்கற "சோலார்" இல்ல. நெட்டி முழுக்கக் காத்துப் பைகள், அதனால சூடு உள்ள இறங்காது. அதைப் போட்டுக்கிட்டு பள்ளிக்கரணைக்குப் போகச் சொல்லல, போனா பறவையே சிரிக்கும். அதே காரணத்துக்குப் பனை ஓலைத் தொப்பியைப் பாருங்க. நெருக்கமாப் பின்னினது, லேசானது, தலைக்கும் ஓலைக்கும் நடுவுல காத்து ஓடும். கேமரா இல்லாதவங்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். துணித் தொப்பின்னா பக்கவாட்டுல வலை வச்சது, மெல்லிசா, லைனிங் இல்லாதது.

சைஸ்ல ஏமாறாதீங்க. புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப்பைச் சுத்தி அளந்து, அதுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலா வாங்குங்க. சைக்கிள் ஓட்டறவங்க ஹெல்மெட்டுக்குள்ள தடிமனான தொப்பி போடாதீங்க, ஹெல்மெட் தலையில சரியா உட்காராது. அவங்களுக்குக் கழுத்துத் துணி தனியாப் போதும்.

நீங்க போன்ல பார்க்கற 38 டிகிரி, நிழல்ல அளந்த அளவு. வானிலைக் கருவிகளைக் காத்தோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள்ளதான் வைப்பாங்க. அதனால தொப்பி எவ்வளவு நல்லா நிழல் கொடுத்தாலும் அந்த 38ஐக் குறைக்காது, அதுக்கு மேல ஏறற வெயிலைத்தான் தடுக்கும். அந்த 38ல எவ்வளவு நேரம் நிக்கலாம்ங்கறது தனிக் கேள்வி. அதுக்கு நாங்க இப்போ தரையைப் பார்க்கறோம். நிழலும் நம்ம உயரமும் சமமா இருந்தா சூரியன் 45 டிகிரில இருக்குன்னு அர்த்தம். நிழல் நம்மைவிடக் குட்டையானா பையைக் கட்டிடறோம், முன்னாடி எந்தப் பறவை நின்னாலும்.

கூட இருக்கறவங்க யாராவது சம்பந்தமில்லாமப் பேசினா, தள்ளாடினா, சிரிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. உடம்பு வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினா மூளைதான் முதல்ல தடுமாறும். நிழல், தொப்பியைக் கழட்டு, தண்ணி ஊத்து, விசிறு, 108. தெளிவா இல்லாத ஆளுக்கு வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிடும்.

அந்த நண்பன் இப்பவும் வரான். பழைய தொப்பியை அவங்க வீட்டு மாடில தக்காளித் தொட்டிக்குப் பக்கத்துல சோளக்கொல்லை பொம்மைக்கு மாட்டியிருக்கான். எட்டரைக்கு அலாரம் வைக்கறது அவன் வேலை. நாங்க திட்டுவோம், ஆனா கிளம்பிடுவோம்.