வைட்டமின் டி வேண்டுமா? எந்த மீன் வாங்குவது?

வைட்டமின் டிக்காக மீன் வாங்குவதென்றால் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. விலை கொடுத்து வாங்கும் இறாலில் இந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. மலிவான மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இருக்கிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. எனவே சதையிலேயே எண்ணெய் உள்ள மீன்களில்தான் அதிகம் தங்கும். பொரித்தால் அதில் கொஞ்சம் சட்டி எண்ணெயோடு போய்விடும். குழம்பு வைத்தால் கரைந்த சத்தும் சோற்றோடு வயிற்றுக்கு வந்து சேரும்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிடும். மீனே தொடாத வீடுகளும் உண்டு. அங்கே கணக்கு கொஞ்சம் இழுபறிதான்.

வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட், அதுவும் மஞ்சள் கருவில் மட்டும். வெள்ளையை மட்டும் தின்றால் பலனில்லை. செறிவூட்டிய பால் 200 மில்லியில் 40 முதல் 60, செறிவூட்டிய எண்ணெய் 20 கிராமில் 90 முதல் 130 வரை. பாக்கெட்டில் கூட்டல் குறியோடு எஃப் எழுத்து போட்ட நீல முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; ரேஷன் பாமாயிலிலும் தேடுங்கள். எல்லாம் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். கேழ்வரகும் கீரையும் கால்சியத்துக்கு நல்லவை, டி தராது. காளானை நறுக்கி நண்பகல் வெயிலில் அரைமணி வைத்தால் அதில் டி உருவாகும்.

மீதியை வெயில்தான் தர வேண்டும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில், கை கால்களில் நேரடியாகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எண்ணூர், மணலிப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை. அவர்கள் டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மெடிக்கலில் விற்கும் 60,000 யூனிட் பாக்கெட்டை, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்பதற்காக நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தண்ணீரில் கரையும் சத்துகளைப் போல, மிஞ்சிய டி சிறுநீரில் வெளியேறாது. உடம்பிலேயே தேங்கி, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.