99213 ஆ, 99214 ஆ? மூன்று நிரல்களுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

அமெரிக்காவில் மருத்துவச் சேவைகளுக்குக் கட்டணம் கோரப் பயன்படும் சிபிடி குறியீட்டுப் புத்தகம் வருடாவருடம் ஜனவரி 1 இல்தான் மாறும். தம்பிலுவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் மெடிக்கல் கோடிங் படிக்கும் பிள்ளைகளின் கடிதங்களில் ஒரே குழப்பம்: வருத்தம் பாரதூரமானது, லெவல் குறைகிறது, வருத்தம் சாதாரணமானது, லெவல் கூடுகிறது. ஏன்?

சந்திப்புக்கான குறியீட்டின் லெவல் அளப்பது வருத்தத்தை அல்ல. வைத்தியர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதைத்தான். அதுவும் குறிப்பில் எழுதப்பட்ட அளவுக்கு மட்டும். வெளிநோயாளர் சந்திப்புக்கு 2021 இலும், வாட்டில் தங்குபவர்களுக்கு 2023 இலும் நடைமுறைக்கு வந்த முறை இது. பிரச்சினை, தரவு, ஆபத்து என்ற மூன்று நிரல்களில் இரண்டு எட்டும் தரமே விடை என்கிறது விதி. இதைச் சுருக்கிச் சொன்னால், மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். நடுவில் வருவதை எடுங்கள். ஒரு நிரல் மட்டும் உச்சத்துக்குப் போனாலும் லெவல் ஏறாது. ஒன்று மட்டும் அடியில் கிடந்தாலும் இறங்காது.

தொண்டை நோவு என்று பழைய நோயாளி ஒருவர் வருகிறார். பிரச்சினை குறைவு. ஒரே ஒரு பரிசோதனை, எனவே தரவு மிகக் குறைவு. வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதுகிறார், ஆபத்து நடுத்தரம். நடுவில் நிற்பது ‘குறைவு’: அதற்கான குறியீடு 99213.

இன்னொருவருக்குச் சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் உள்ளன. பரிசோதனை எதுவும் இல்லை. பழைய குளிசைகளையே தொடரச் சொல்கிறார் வைத்தியர். நிலையான நாட்பட்ட நோய்கள் இரண்டு என்பதால் பிரச்சினை நடுத்தரம். மருந்தை எடைபோட்டுத் தொடர்வது ‘மருந்து முகாமைத்துவம்’ என்பதால் ஆபத்தும் நடுத்தரம். விடை 99214.

சந்தேகம் எழ வேண்டியது இந்த இரண்டாவது உதாரணத்தில்தான். பழைய மருந்துப் பட்டியலை அப்படியே பிரதி எடுத்தால் அது மருந்து முகாமைத்துவம் ஆகாது. வைத்தியர் அதை யோசித்து முடிவெடுத்தது குறிப்பில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வசனம் போதும். உண்மையில் யோசித்தாரா, எழுதிப் பழகிவிட்டாரா என்பதை நோயாளியைக் கண்ணாலும் காணாத கோடர் அந்த வசனத்தை வைத்தே தீர்ப்பளிக்கிறார்.

‘நிலையான நோய்’ என்பதும் நாம் நினைப்பதல்ல. ஒரு வருடமாக மாறாத பிரஷர், சிகிச்சை இலக்குக்கு மேலே நின்றால் நிலையானதல்ல. அப்படிப்பட்ட ஒரு நோயே பிரச்சினை நிரலை நடுத்தரத்துக்கு உயர்த்திவிடும்.

வைத்தியர்களின் எழுத்து வேலையைக் குறைக்கவே இந்த மூன்று நிரல் முறைக்கு மாறுவதாகச் சொன்னார்கள். முன்பு நோய் வரலாற்றையும் உடற்பரிசோதனையையும் எண்ணினோம். இப்போது கேட்ட பரிசோதனைகளையும் வாசித்த அறிக்கைகளையும் எண்ணுகிறோம். எண்ணும் வேலை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த முறை வருவதற்கு முன், 2018 இல், அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிக்கேரின் நிர்வாகம் 2 முதல் 5 வரையான லெவல்களுக்கு ஒரே கட்டணம் என்று முன்மொழிந்தது. நம்மூர்ச் சனலிங்கில் எந்த வருத்தத்துக்கும் வைத்தியருக்கு ஒரே கட்டணம் கொடுத்துப் பழகிய நமக்கு அதில் புதுமையில்லை. அங்கோ வைத்தியர் சங்கங்கள் எதிர்த்தன. மறு வருடமே அந்த யோசனை கைவிடப்பட்டு, அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த இந்த மூன்று நிரல் அட்டவணை ஏற்கப்பட்டது. சிபிடி குறியீடுகளின் பதிப்புரிமையும் அதே சங்கத்திடம்தான் இருக்கிறது.

மற்றக் கேள்விகள்:

நேரத்தை வைத்துக் கணிக்கலாமா? கணிக்கலாம், பழைய நோயாளிக்கு 99213 என்றால் குறைந்தது 20 நிமிடம், 99214 க்கு 30, 99215 க்கு 40.

தாதி செலவிட்ட நேரம்? சேராது.

யார் புதிய நோயாளி? அதே குழுவில் அதே துறை வைத்தியர் எவரையும் 3 வருடங்களாகச் சந்திக்காதவர்.

99201 எங்கே? 2021 இல் நீக்கிவிட்டார்கள்.

உடற்பரிசோதனையைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால்? லெவல் கூடாது.

குறிப்பில் இல்லாததை ஊகித்துச் சேர்க்கலாமா? கூடாது, வைத்தியரிடமே கேளுங்கள்.