ஒளியின் அளவறிந்து படம் பிடிப்போம்

உங்கள் கையில் செல்பேசி இருக்கிறது. தொட்டால் படம் விழுகிறது. நான் இப்பள்ளியில் படித்த 1983-ஆம் ஆண்டில் என் சித்தப்பாவின் பெட்டிக் கேமராவில் ஒரு பிலிம் சுருளுக்கு 12 படங்கள்தாம். அதில் பதினோராவது படமாக, ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்குழி ஓரம் அமர்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த பாட்டியை எடுத்தேன். கழுவி வந்ததில் ஜன்னல் மட்டும் பளிச்சென்று இருந்தது. பாட்டி இல்லை, தறியும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு.

காரணம் என்ன? படம் என்பது பிலிமின் மேல் விழும் ஒளியின் அளவு. குழாயைப் பாதி திறந்தால் குடம் நிறைய அதிக நேரமாகும். முழுதும் திறந்தால் சீக்கிரம் நிறையும் அல்லவா? லென்ஸின் துவாரம் குழாய். ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நாம் குடத்தைப் பிடிக்கும் நேரம். பிலிமின் வேகம் என்பது குடத்தின் அளவு. 400 வேகப் பிலிம் சிறிய குடம். 100-க்குத் தேவையான ஒளியில் கால் பங்கே அதற்குப் போதும்.

துவாரத்தை எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று குறிப்பார்கள். எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். முதலில் இது எல்லோரையும் குழப்பும், என்னையும் குழப்பியது.

ஒளிமானி இல்லாதவர்கள் கையாண்ட எளிய கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் 100 வேகப் பிலிமுக்கு எஃப் 16, ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்கு. மெல்லிய மேகம் மறைத்தால் எஃப் 11. நிழலே விழாத மந்தார நாளில் எஃப் 8. திண்ணை நிழலில் எஃப் 5.6. அதிகாலையில் தெருவில் பாவு விரிக்கும்போது எடுப்பதானால் இந்தக் கணக்கு உதவாது. சூரியன் நன்றாக மேலேறிய பிறகே பொருந்தும்.

தறி வீட்டின் உள்ளேயோ ஒளி, வெளி வெயிலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். நம் கண் பழகிவிடுவதால் அது நமக்குத் தெரிவதில்லை. எஃப் 2.8 என்று அகலத் திறந்தாலும் 100 வேகப் பிலிமுக்குக் கால் நொடி வேண்டும். அதற்குள் நாடா பாவின் குறுக்கே ஓடிவிடும். நெய்பவர் கை புகையாகத் தெரியும். 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி மெழுகேற்றிய காகிதத்தில் நெகடிவ் எடுத்தார். லென்ஸை நிமிடக் கணக்கில் திறந்து வைக்கவேண்டும். கல்தூண் அசையாது, நடந்து போனவர்கள் பதியவே மாட்டார்கள்.

இப்போதைய கேமராக்கள் தாமே அளந்துகொள்கின்றனவே என்பீர்கள். அளக்கின்றன, ஆனால் எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கின்றன. அதனால்தான் வெள்ளைச் சீருடை அணிந்த வகுப்பின் குழுப்படம் அழுக்கேறியதுபோல் வருகிறது. அதற்கு ஒரு படி கூட்டுங்கள். கறுப்புப் பட்டுக்கு ஒரு படி குறையுங்கள். ஜன்னலுக்கு முன் நிற்பவரை எடுக்கும்போது செல்பேசித் திரையில் அவர் முகத்தைத் தொடுங்கள். ஜன்னல் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஜரிகைதான் மிகவும் சோதிக்கும். நேர் வெயிலில் அது கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்க, முந்தானையின் வேலைப்பாடு முழுதும் வெள்ளைத் திட்டாகிவிடும். நெகடிவ் பிலிம் சற்று மிகுந்த ஒளியைத் தாங்கும். டிஜிட்டலில் வெளுத்தது வெளுத்ததுதான், மீட்க முடியாது. ஆகவே சேலையைத் திண்ணை நிழலில் விரித்து, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்து, அரைப் படி குறைத்து எடுங்கள். கரையின் புட்டா ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

பிற்பாடு அந்தப் பெட்டிக் கேமராவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதற்கு ஒரே துவாரம், ஒரே ஷட்டர்: எஃப் 11, நொடியில் 30-இல் ஒரு பங்கு. வீட்டினுள் அதற்குக் கிடைத்தது தேவையான ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் திண்ணை நிழலுக்கு அந்த அளவு மிகச் சரி. ராட்டையை நாலு முழம் வெளியே நகர்த்தியிருக்கலாம். பாட்டி மறுத்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டாவது படத்தில் எங்கள் ஆட்டுக்குட்டி இருக்கிறது, மிகத் தெளிவாக. அடுத்த தீபாவளிக்குள் தறியை விற்றுவிட்டோம்.